கைக்குழந்தையோடு கிளம்பினால் எந்தப் பை? ஊர் தராததைத் தாய் சுமக்கிறாள்!

சென்னையில் கைக்குழந்தையோடு வெளியே கிளம்பும் தாய்மார்களுக்குப் பெரிய தலைவலி எது? பஸ் கூட்டமா? வெயிலா? ஆட்டோ பேரமா?

இவை எல்லாவற்றுக்கும் முந்திய தலைவலி ஒன்று வீட்டு வாசலிலேயே காத்திருக்கிறது. அதுதான் பை!

மாற்றுத் துணி, பேம்பர்ஸ், துடைக்கிற துணி, ரப்பர் ஷீட், தண்ணீர் பாட்டில், சட்டை இரண்டு, ஆஸ்பத்திரி அட்டை என்று அடுக்கிக்கொண்டே போனால் குழந்தையைவிட மூட்டை கனமாகி விடுகிறது. "நாலு கிலோ குழந்தைக்கு அஞ்சு கிலோ மூட்டையா?" என்று வீட்டில் கேலி செய்பவர்கள் உண்டு.

கேலி செய்வது சுலபம். பல்லாவரம் தாண்டியதும் குழந்தை துணியை நனைத்துவிட்டால், பைக்குள் இன்னொரு துணி இல்லாவிட்டால், அப்புறம் கேலி செய்தவரா வந்து நிற்பார்?

எந்தப் பை, உள்ளே என்ன, அழுக்கானதை எங்கே போடுவது? பார்க்கச் சின்ன விஷயம். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் பஸ் நிலையம், குப்பைத் தொட்டி, வரி, சுப்ரீம் கோர்ட்டு வரை போகிறது!

வீட்டிலேயே இருந்தால் என்ன?

"பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதற்காக அலைய வேண்டும்?" என்று கேட்பவர்கள் தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது நல்லது.

பிறந்த உடனே ஊசி. அதன்பின் 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம். பிறகு 9 மாதம் முடிந்ததும் ஒன்று. அதற்கு மேல் 16 மாதத்தில் இருந்து 24 மாதத்துக்குள் மறுபடியும். இவை எல்லாம் கட்டாயம் போக வேண்டிய பயணங்கள். நடுவில் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் அது தனிக் கணக்கு.

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கும் சென்னைக்காரர்கள் மட்டுமா வருகிறார்கள்? திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சீபுரம் பக்கத்தில் இருந்தெல்லாம் வருகிறார்கள். செங்கல்பட்டில் இருந்து கடற்கரை நிலையம் சுமார் 60 கிலோ மீட்டர். எலெக்ட்ரிக் ரெயிலில் கழிவறை கிடையாது. பெரியவர்கள் அடக்கிக்கொள்வார்கள். குழந்தைக்கு அது தெரியுமா?

2021-ம் ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியது. டிக்கெட் கவலை தீர்ந்தது. மூட்டைக் கவலை அப்படியே இருந்தது.

மூணாவது கை எங்கே?

மாநகர பஸ்ஸில் ஏறுகிற தாயின் நிலைமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும். பையைப் பிடிக்க மூணாவது கை எங்கே?

பை விஷயத்தில் முதல் சட்டம் இதுதான். கையில் பிடிக்கிற பை உதவாது. தோளில் குறுக்காகத் தொங்க வேண்டும். அல்லது முதுகில் இருக்க வேண்டும். மற்ற அழகு, நிறம், பொம்மைப் படம் எல்லாம் அப்புறம்தான்.

இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு ஊரில் புழங்கும் பைகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம்.

மஞ்சப்பை: விலை குறைவு. துவைத்தால் புதுசு. அழுக்கானால் கவலை இல்லை. 2021-ம் ஆண்டு டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" திட்டம் தொடங்கியபின் இதற்கு மறுபடியும் மவுசு. ஆனால் உள்ளே தடுப்பு கிடையாது. சுத்தத் துணியும் ஈரத் துணியும் ஒன்றாகக் கலந்துவிடும். காதும் குட்டை, தோளில் நிற்காது. பெரிய பைக்குள் வைக்கிற இரண்டாவது பையாக மஞ்சப்பைக்கு ஈடு இல்லை. தனியாக அது மட்டும் போதாது.

ஒயர் கூடை: நம்ம வீட்டு அம்மாக்கள் பின்னியது. கீழே வைத்தால் சாயாமல் நிற்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் கண்ணில் படும். கழுவலாம். ஆனால் கைப்பிடியைப் பிடித்தாக வேண்டும். மூணாவது கை பிரச்சினை வந்துவிட்டது! கணவரோ மாமியாரோ துணைக்கு வந்தால் ஒயர் கூடை நல்ல தோழன். தனியாகப் போனால் சரிப்படாது.

முதுகுப் பை: இரண்டு கையும் சும்மா இருக்கும். எடை இரண்டு தோளிலும் சமமாக இறங்கும். ரெயில் பயணத்துக்கும் நடைக்கும் இதுதான் சுகம். கூட்ட நேரத்து பஸ்ஸில் மட்டும் தகராறு. பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும். ஜிப்பை யார் திறக்கிறார்கள் என்று தெரியாது. பணமும் அட்டையும் முதுகுப் பைக்குள் இருக்கவே கூடாது. கூட்டத்தில் பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டவும் வழியில்லை. அங்கேதான் குழந்தை இருக்கிறதே!

குறுக்குத் தோள்பை: பழைய ஜோல்னாப் பையின் தம்பி. இடுப்புப் பக்கம் தொங்கும். ஒரு கையால் ஜிப்பைத் திறந்து துணியை உருவலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதுதான் முதல் மார்க். ஒரே தோளில் எடை இறங்குவதால் அதிகம் திணிக்கக் கூடாது. பிரசவம் ஆகிச் சில மாதமே ஆன உடம்பு என்பதை மறக்கலாமா?

கடையில் விற்கும் "டயாபர் பேக்": பத்து அறை, பாட்டிலுக்குத் தனி உறை, விரிப்பு எல்லாம் சேர்ந்தே வருகிறது. வசதிதான், சந்தேகமில்லை. ஆனால் அறை அதிகமானால் சாமானும் அதிகமாகும். காலி அறையைக் கண்டால் எதையாவது வைக்கத்தானே தோன்றும்? கடைசியில் எந்த அறையில் எது என்று தேடுவதற்குள் குழந்தை ஊரைக் கூட்டிவிடும். நாலு அறை இருந்தால் தாராளம். ரங்கநாதன் தெருவில் வாங்குகிற சாதாரண ரெக்சின் பைக்குள் மூன்று சின்னப் பைகளைப் போட்டால் அதே வேலை நடந்துவிடும்.

உள்ளே எவ்வளவு?

பையை வாங்குவதைவிட நிரப்புவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

சின்னக் குழந்தைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பேம்பர்ஸ் மாற்ற வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வது. ஈரத்திலேயே விட்டால் தொடை இடுக்கில் சிவந்து புண்ணாகிவிடும்.

அதற்கு ஒரு சுலபக் கணக்கு: வெளியே இருக்கப்போகும் மணி நேரத்தை இரண்டால் வகுத்து, ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் என்றால் நாலு. அந்த "ஒன்று" எதற்கு? ரெயில் தாமதத்துக்கு! ஆஸ்பத்திரி வரிசைக்கு!

துணி கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. துணி ஒரு தடவையிலேயே நனைந்துவிடும். மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஆனாலும் பழைய வேட்டித் துணிக்கு நிகர் ஏது? மெத்தென்று இருக்கும், காற்று போகும், செலவு இல்லை. துடைக்க, விரிக்க, வெயிலுக்கு மூட, பால் கொடுக்கும்போது மறைக்க என்று ஒரு துணி நாலு வேலை பார்க்கும். பேம்பர்ஸ் கட்டுகிற வீட்டிலும் பைக்குள் இரண்டு வேட்டித் துணி இருக்க வேண்டும்.

அடுக்கும் முறையும் முக்கியம். முதலில் தேவைப்படுவது மேலே இருக்க வேண்டும். ஒரு மாற்றுக்கு வேண்டிய ரப்பர் ஷீட், ஒரு பேம்பர்ஸ், ஈரத் துணி, ஒரு காகித உறை ஆகிய நாலையும் ஒன்றாகச் சுருட்டி வைத்தால் ஒரு கையால் எடுத்து ஒரு கையால் விரிக்கலாம். பை முழுவதையும் பிளாட்பாரத்தில் கொட்டித் தேட வேண்டியதில்லை.

ஈரத்தையும் காய்ந்ததையும் சேர்க்கவே கூடாது. முன்பெல்லாம் இதற்குக் கடையில் தரும் கேரி பேக்தான். 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது. இப்போது கழுவி மறுபடி பயன்படுத்தும் ரெக்சின் உறை ஒன்று இருந்தால் போதும். நனைந்த துணி அதற்குள்ளே, மற்றதெல்லாம் வெளியே.

பவுடர் டப்பாவுக்கு இடம் தேட வேண்டாம். முகத்துப் பவுடரைக் கொட்டினால் அது குழந்தையின் மூச்சுக்குள் போகும். அதனால் வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். வாசனை, ஸ்பிரிட்டு கலந்த ஈரத் தாள்களும் இளம் தோலுக்கு எரிச்சல்.

பால் பாட்டில்தான் பையின் எடையைக் கூட்டுவது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் பை தானாகவே லேசாகிவிடுகிறது! டாக்டர் சொல்லிப் பால் மாவு கொடுப்பவர்கள் வீட்டிலேயே கலந்து எடுத்துப் போவது ஆபத்து. நம் ஊர் வெயிலில் கெட்டுப்போக நேரம் ஆகாது. மாவு தனியாக, பிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர் தனியாகக் கொண்டுபோய், வேண்டியபோது கலந்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலைக் கொட்டிவிட வேண்டும்.

சர்க்கார் கொடுத்த பெட்டகம்

குழந்தைக்கு வேண்டியதை ஒரே மூட்டையாகக் கட்டித் தரலாம் என்ற யோசனை அரசாங்கத்துக்கும் வந்தது. 2015-ம் ஆண்டு, ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் தரும் திட்டம் தொடங்கியது. துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை என்று வீட்டுக்கு வேண்டியவை அதில் இருந்தன.

நல்ல காரியம். ஆனால் பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, ஆறாவது வாரம் ஊசிக்குக் கிளம்பும்போதுதானே உண்மையான சோதனை? வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு வழி கிடைத்தது. வழியில் தேவைப்படும் இடத்துக்குத்தான் வழி கிடைக்கவில்லை.

விலையும் வரியும்

கட்டிக் கழற்றித் தூக்கிப்போடும் பேம்பர்ஸ் அமெரிக்காவில் 1961-ல் கடைக்கு வந்தது. அது ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். நம் ஊரில் எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் "ஒரு பேம்பர்ஸ் கொடுங்க" என்றுதான் கேட்கிறோம். மருந்துக் கடையிலும் பெட்டிக் கடையிலும் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகவும் கிடைக்கிறது. அவசரத்துக்குக் கை கொடுப்பது இந்தச் சில்லறை விற்பனைதான்.

2018-ம் ஆண்டு ஜூலையில் பெண்களின் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது. குழந்தையின் நாப்கினுக்கு 12 சதவீத வரி நீடித்தது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் அதுவும், பால் புட்டியும் 5 சதவீதத்துக்கு இறங்கின. தினமும் நாலைந்து வாங்குகிற வீட்டுக்கு இந்த ஏழு சதவீதம் சின்னக் காசு இல்லை.

மாதச் சம்பளக் குடும்பங்கள் பல இதற்கு ஒரு நடு வழி கண்டிருக்கின்றன. வீட்டில் துணி, வெளியே கிளம்பினால் பேம்பர்ஸ். பர்சுக்கும் நல்லது, குழந்தையின் தோலுக்கும் நல்லது.

அழுக்கானது எங்கே போகிறது?

புதுசை எப்படி எடுத்துப் போவது என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். பழசை எங்கே போடுவது? இங்கேதான் ஊர் கையை விரிக்கிறது.

ரெயில் ஜன்னல் வழியாகப் பறக்கிறது. பஸ் நிலையச் சுவர் ஓரத்தில் கிடக்கிறது. கழிவறைக்குள்ளே போட்டுத் தண்ணீர் ஊற்றுபவர்களும் உண்டு. அது கரைகிற பொருளா? உள்ளே இருக்கும் தூள் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பந்து மாதிரி உப்பும். வெளியே இருப்பது பிளாஸ்டிக். குழாய் அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை எடுக்க வருகிறவரும் ஒரு மனுஷன்தானே?

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இதற்கு வழி சொல்லப்பட்டது. பயன்படுத்தியதை உறையில் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளில் செய்யப் பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை பாக்கெட்டோடு தர வேண்டும். கடையில் வாங்கும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்து, உறை இருக்கிறதா என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்!

உறை இல்லாவிட்டால் படித்து முடித்த மாலைப் பத்திரிகை இருக்கிறது. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, பேம்பர்ஸை இறுகச் சுருட்டி, அதன் ஒட்டு நாடாவாலேயே ஒட்டி, இரண்டு சுற்றுப் பேப்பரில் மடித்தால் நாற்றம் வெளியே வராது. தொட்டி கிடைக்கும் வரை பைக்குள் தனி உறையில் இருக்கலாம். குப்பை பொறுக்குகிறவர் வெறும் கையால் அதைத் தொட வேண்டிய கொடுமையும் குறையும்.

அறை இருக்கிறதா? திறந்திருக்கிறதா?

2015-ம் ஆண்டு ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, தமிழ்நாடு முழுவதும் சுமார் 350 பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது. பாராட்ட வேண்டியதுதான்.

பிறகு? சில இடங்களில் பூட்டு தொங்குகிறது, மின்விசிறி ஓடவில்லை, தட்டுமுட்டுச் சாமான் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று புகார்கள் கிளம்பின. அறையைத் திறக்க ஒரு நாள் விழா போதும். திறந்தே வைத்திருக்கத் தினமும் ஓர் ஆள் வேண்டும். சாவி யாரிடம் என்று தெரியாத அறையால் யாருக்கு லாபம்?

பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் வேறு வேறு வேலை என்பதும் பலருக்குப் புரிவதில்லை. பால் கொடுக்க நாற்காலியும் திரையும் போதும். துணி மாற்ற மேஜை வேண்டும், குழாய் வேண்டும், மூடி போட்ட தொட்டி வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அறை இருந்தும் தாய் பிளாட்பாரப் பெஞ்சில்தான் ரப்பர் ஷீட்டை விரிக்கிறாள்.

இந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது. பொது இடங்களில் பாலூட்டும் அறையும் குழந்தை பராமரிப்பு அறையும் வேண்டும் என்று ஒரு தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது. மத்திய அரசு 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் இதுபற்றி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி இருந்தது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி கோர்ட்டு அளித்த உத்தரவில், அந்தக் கடிதத்தை மாநிலங்களுக்கு மறுபடியும் நினைவூட்டச் சொன்னது. இருக்கிற பொது இடங்களில் முடிந்தவரை இந்த வசதி செய்ய வேண்டும். புதிதாகக் கட்டும் இடங்களில் இதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

"முடிந்தவரை" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. செய்ய மனம் இருந்தால் அது வாசல். இல்லாவிட்டால் அதுவே சாக்கு!

அப்பா கையில் குழந்தை இருந்தால்?

இன்னொரு கூத்து. குழந்தையோடு தனியாக வரும் அப்பாக்களும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். மனைவி வேலைக்குப் போகிறாள். அல்லது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அப்பா எங்கே துணி மாற்றுவார்?

பாலூட்டும் அறைக்குள் அவர் போக முடியாது, போகவும் கூடாது. ஆண்கள் கழிவறையில் மேஜை இல்லை. மாற்றும் இடத்தைப் பாலூட்டும் அறைக்கு வெளியே, யார் வந்தாலும் பயன்படுத்துகிற மாதிரி வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா எல்லோருக்கும் ஒரே மேஜை. பையும் அப்பா தோளுக்கு மாறும். அது வீட்டுக்கும் நல்லதுதானே!

என்ன செலவாகும்?

பெரிய பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சுவரில் மடக்கி வைக்கும் ஒரு பலகை. பக்கத்தில் ஒரு குழாய். கீழே மூடி போட்ட ஒரு தொட்டி. "இங்கே குழந்தைக்குத் துணி மாற்றலாம்" என்று தமிழில் ஒரு போர்டு. தாம்பரத்திலும், எழும்பூரிலும், கிளாம்பாக்கத்திலும், பாரிமுனையிலும் இவை ஒழுங்காக இருந்தால் ஆயிரக்கணக்கான தோள்களில் சுமை இறங்கும்.

கடைக்காரர்களும் கொஞ்சம் உதவலாம். பெரிய ஜவுளிக்கடைகளில் பட்டுப்புடவை விரிக்க நீளமான மேஜை இருக்கிறது. மூலையில் குழந்தைக்கென்று மூன்றடிப் பலகை போட்டால் வியாபாரம் குறைந்துவிடுமா? அவசரமாக வீட்டுக்கு ஓட நினைத்த குடும்பம் இன்னும் ஒரு மணி நேரம் கடையில் இருக்கும். லாபம் யாருக்கு?

பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. குழந்தையோடு ஏறுகிறவருக்கு இடம் கொடுக்க முடியாவிட்டாலும், "பையை இப்படிக் குடும்மா" என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். சென்னை பஸ்களில் நெடுநாளாக இருக்கிற பழக்கம்தான் இது, விட்டுவிடக் கூடாது.

அதுவரை குறுக்குத் தோள்பை, உள்ளே மூன்று சின்னப் பைகள், இரண்டு வேட்டித் துணி, கணக்குக்கு மேல் ஒரு பேம்பர்ஸ். இவை இருந்தால் செங்கல்பட்டில் இருந்து எழும்பூர் வரை சமாளித்துவிடலாம். ஊசி போட்டுத் திரும்பி வரவும் போதும்.

ஆனால் சமாளிப்பது தாய்மார்களின் கெட்டிக்காரத்தனம். அதை ஊரின் வசதி என்று கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. பலகையும் குழாயும் தொட்டியும் வருகிற நாளில்தான் அந்தப் பை பாதியாகும்!